குஞ்சுக்குச் சூடு எவ்வளவு?

ஊர்த் திருவிழாக்களில் ராட்டினத்துக்கும் பஞ்சுமிட்டாய் வண்டிக்கும் நடுவில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். அதற்குள் பச்சை, ஊதா, ரோஸ் நிறங்களில் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டு நகரங்களில் கோழி வளர்த்துப் பார்த்த பலருக்கு அந்த அனுபவம் இந்தப் பெட்டியில்தான் தொடங்கியிருக்கும். அநேகமாக மறுநாள் காலையிலேயே முடிந்தும் போயிருக்கும். குழந்தை அடம்பிடித்து வாங்கிய குஞ்சுக்கு ஒரு தட்டில் அரிசியும் ஒரு மூடியில் தண்ணீரும் வைத்து, செருப்பு வாங்கிய பெட்டியில் படுக்கவைப்பார்கள். விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கும். சாயத்தில் விஷம் என்பார் அப்பா. கண் பட்டுவிட்டது என்பார் பாட்டி. பெரும்பாலும் இரண்டும் இல்லை. குளிர்தான்.

மே மாதத்துச் சென்னையில் குளிரா? அக்னி நட்சத்திர இரவில் வெப்பம் 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க மறுக்க, வீட்டார் வியர்த்துப் புரண்டுகொண்டிருப்பார்கள். அதே இரவு, 35 டிகிரி கேட்கும், பொரிந்து இரண்டு நாளான குஞ்சுக்கு ஏழு டிகிரி குறைவு. தலைக்கு மேலே மின்விசிறி, காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை, ஒட்டிக்கொள்ள இன்னொரு குஞ்சும் இல்லை. சாவதற்கு இவ்வளவே போதும்.

அந்தச் சாயக்குஞ்சுகள் திருவிழாவுக்கு வந்து சேரும் வழியையும் சொல்லிவிட வேண்டும். முட்டைக்கோழிக்கான பொரிப்பகத்தில் பொரிபவற்றில் பாதி சேவல். அவை முட்டை இடாது. அந்த இனம் பிராய்லர் வேகத்தில் கறியும் போடாது. எனவே பண்ணைக்கு அவை வேண்டாதவை. ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து இத்தகைய ஆண் குஞ்சுகளைக் கொல்வதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று கண்டறியும் கருவிகள் அங்கே பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஊரில் அவற்றுக்குச் சாயம் பூசி விற்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கோழி வளர்க்கக் கற்றுக்கொள்ள இதைவிடக் கடினமான தொடக்கம் வேறு கிடையாது.

குஞ்சின் உடல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பொரிந்த குஞ்சின் எடை முட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 60 கிராம் பண்ணை முட்டையிலிருந்து 40 கிராம் குஞ்சு வரும். நாட்டுக்கோழியின் சிறிய முட்டையிலிருந்து 30 கிராமுக்கும் குறைவாகவே வரும். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரியை ஒட்டி நிற்கும். புதுக்குஞ்சின் உடல் அதைவிட ஓரிரு டிகிரி குறைவு. அதையும் தானாகக் காத்துக்கொள்ள அதற்கு வகையில்லை. மேலே இருப்பது இறகல்ல, பூமயிர். உள்ளிருந்து சூடு உண்டாக்கி அதைக் கட்டுக்குள் வைக்கும் திறன் ஒழுங்காக வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்; உடம்பெங்கும் இறகு மூட ஆறு வாரம் வரை ஆகும். உடல் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஒப்பிட்டால் வெளியே தெரியும் பரப்பு கூடுகிறது, சூடும் வேகமாகப் போகிறது. நாட்டுக்குஞ்சு எதையும் தாங்கும் என்று நம்பித் தொடங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்தத் தாங்கும் சக்தி உண்மைதான். ஆனால் அது முதல் பத்து நாளைத் தாண்டிய பிறகு வருவது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பொரிவதற்குச் சற்று முன் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோற்றில் இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் உயிர்வாழும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஸ்டாக்டன் ஊரிலிருந்து 1892-ல் சிகாகோவுக்கு ஒருவர் ரயிலில் குஞ்சுகளை அனுப்பிப் பார்த்தது இந்தத் துணிச்சலில்தான். 1918-ல் அந்நாட்டு அஞ்சல்துறையே ஒருநாள் குஞ்சுகளைத் தபாலில் ஏற்றுக்கொண்டது. நாமக்கல், பல்லடம் பக்கமிருந்து துளையிட்ட அட்டைப்பெட்டிகளில் பேருந்திலும் வேனிலும் குஞ்சுகள் பயணம் போவதும் அதே மஞ்சள்கருவின் தயவில்தான். அந்தப் பெட்டிகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கும், ஓர் அறைக்கு இருபத்தைந்து குஞ்சு. ஒன்றின் சூடு மற்றதற்கு. பெட்டியிலிருந்து ஒற்றைக் குஞ்சைத் தனியே எடுத்துக் குழந்தை கையில் கொடுக்கும்போது, அதுவரை அதற்கிருந்த ஒரே அடுப்பையும் பிடுங்கிவிடுகிறோம்.

பண்ணைக் கையேடுகள் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் ஒரே கணக்கைச் சொல்கின்றன. முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும்: 32, 29, 26. இருபதை ஒட்டி வந்ததும் சூட்டை நிறுத்திவிடலாம். இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது குஞ்சைப் பற்றியது, ஊரைப் பற்றியது அல்ல. சென்னையில் மே மாத இரவுக்கும் 35-க்கும் உள்ள இடைவெளி ஏழு டிகிரி. ஊட்டியில் ஜனவரி இரவு ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும், சில நாள் உறைபனியும் விழும்; அங்கே இடைவெளி முப்பது டிகிரி. சென்னையில் மூன்றாம் வாரத்திலேயே பல்பை அணைத்துவிடலாம். ஊட்டியில் ஆறாவது வாரம்கூட இரவில் அது எரிய வேண்டியிருக்கும். கணக்கு ஒன்று, செலவும் கருவியும் ஆபத்தும் வேறு வேறு. முதல்முறை வளர்ப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்: வேறொரு தட்பவெப்பத்தில் ஒருவர் செய்த ஏற்பாட்டை அப்படியே தம் கொட்டகையில் செய்துவிடுகிறார்கள்.

வெப்பமானி இல்லாத காலத்திலேயே மனிதர்கள் இந்த வித்தையில் தேர்ந்திருந்தார்கள் என்பது ஆறுதலான செய்தி. எகிப்தில் மண்செங்கல் கட்டிய பெரிய அடுப்பறைகளில் தாய்க்கோழி இல்லாமலே ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். எரித்தது சாணமும் வைக்கோலும். முட்டையின் சூடு சரியா என்று பார்க்க அதைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்ப்பார்களாம். அங்கே சாணத்தில் புதைத்து முட்டை பொரிப்பதை அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். அந்த அடுப்புகளின் சூட்சுமத்தைப் பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் ஆராய்ந்து 1749-ல் நூலாக வெளியிட்டார். குளிர் நாட்டில் அதை அப்படியே நடத்துவது எளிதாக இருக்கவில்லை. கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் 1879-ல் உருவாக்கிய பொரிப்பான் வேறு வகையில் வென்றது: அதற்கு ஊரின் வெயில் ஒரு பொருட்டல்ல. அந்தச் சிற்றூர் உலகின் முட்டைத் தலைநகரம் என்று தன்னையே அழைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. பொரிப்பதை ஒரு பெட்டிக்குள் அடக்க முடிந்தது. பொரித்ததை வளர்ப்பது மட்டும் இன்றுவரை ஊரின் காற்றோடும் ஈரத்தோடும் பிணைந்தே கிடக்கிறது.

பெட்டியும் பல்பும் இல்லாமல் ஒரு தாய்க்கோழி இதைச் செய்துவிடுகிறது. அடைக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்து, கூடையில் ஒரு கரித்துண்டும் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்ற அச்சத்துக்கு அது காப்பு. இடி என்ன செய்யும் என்பது இருக்கட்டும். இருபத்தோராம் நாள் பொரிந்த பிறகு நடப்பதைத்தான் பார்க்க வேண்டும். குஞ்சுகள் நாள் முழுவதும் தாயின் இறகுக்குள் கிடப்பதில்லை. வெளியே ஓடி நாலு கொத்துக் கொத்திவிட்டு, உடல் சில்லென்றதும் உள்ளே நுழைகின்றன. சூடேறியதும் மறுபடி வெளியே. எப்போது சூடு, எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்வது குஞ்சுதான். செயற்கை அடைகாப்பு என்றால், பண்ணைக்காரர் மொழியில் புரூடர் போடுவது என்றால், இந்தத் தேர்வைக் குஞ்சுக்கு மிச்சம் வைப்பதுதான். வட்டத்தின் நடுவில் சூடு, ஓரத்தில் குளிர்ச்சி. இடையில் அது தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும். சிறிய பெட்டிக்குள் பெரிய பல்பைத் தொங்கவிட்டு மூடிவைப்பவர்கள் அந்த ஓரத்தை அழித்துவிடுகிறார்கள். குளிருக்குப் பயந்து குஞ்சை அவித்துவிடுவது இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பத்துக் குஞ்சுக்கு மேல் வேண்டாம் என்பவர், அக்கம்பக்கத்தில் அடைக்கோழி கிடைக்குமென்றால் வேறு எதையும் யோசிக்கக் கூடாது. பகலில் பஞ்சாரம், யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கரப்பு. இரவில் தாயோடு கூட்டில். எந்த ஊர்க் குளிருக்கும் ஏற்ற தெர்மோஸ்டாட் அது. ஐம்பது, நூறு என்று போகிறவர்களுக்குத்தான் புரூடரும் பல்பும் தேவை.

மலையில் தொடங்கலாம். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ குஞ்சு இறக்குபவருக்கு முதல் எதிரி காற்றல்ல, தரை. சூடு ஏற்றாத சிமெண்டுத் தரைமேல் இரண்டு அங்குலம் உமி பரப்பி, மேலே பல்பைத் தொங்கவிட்டால், குஞ்சின் முதுகு வெந்து வயிறு குளிரும். குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே பல்பைப் போட்டு, கூளத்தைச் சூடாக்கி வைக்க வேண்டும். கூளமும் மூன்று நான்கு அங்குலமாவது இருக்க வேண்டும். கொட்டகை வைக்கும் திசையும் மாறும். சமவெளியில் வெயில் உள்ளே விழாதபடி கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டுவார்கள். மலையில் காலை வெயில் உள்ளே விழும்படி கட்டுவது லாபம். அடுத்த தவறு பாலிதீன் திரையைச் சுற்றி வரிந்து கட்டுவது. குளிர் நின்றுவிடும், அதோடு காற்றும் நின்றுவிடும். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் கெடுக்கும். குனிந்து குஞ்சின் உயரத்தில் முகர்ந்து பார்த்து மூக்கு எரிந்தால், திரையின் மேற்பக்கம் ஒரு சாண் திறந்தாக வேண்டும். சூட்டைக் குஞ்சுக்கு அருகில் வை, காற்றைத் தலைக்கு மேலே விடு என்பதுதான் மலைக்கான சூத்திரம். இலங்கையில் 1,868 மீட்டர் உயரத்திலிருக்கும் நுவரெலியாத் தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

இன்னும் மேலே போனால் குளிரோடு மூச்சும் சேர்ந்துகொள்கிறது. 3,500 மீட்டர் உயரத்து லேயில் குளிர்காலம் பூஜ்யத்துக்குக் கீழே இருபது வரை போகும். காற்றில் ஆக்சிஜனும் குறைவு. சமவெளி முட்டையை அங்கே கொண்டுபோய்ப் பொரிக்கவைத்தால் பொரிப்பு விகிதம் சரிகிறது. ஆண்டிஸ் மலையூர்களில் வேகமாக வளரும் பிராய்லர்கள் இதயம் திணறி, வயிற்றில் நீர் கோத்துச் சாவது பழைய பிரச்சினை. குளிருக்கு ஈடாக உடல் எரிக்க வேண்டிய தீனி கூடுகிறது, அதற்கான ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அங்கெல்லாம் மெதுவாக வளரும் இனங்களே பிழைக்கின்றன.

சமவெளிக்கு வந்தால் கதை தலைகீழ். கரூர், வேலூர், திருத்தணி போன்ற ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40-ஐத் தாண்டுவது வழக்கம். வேடிக்கை என்னவென்றால், முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி சுகம். அதே கொட்டகையில் முட்டைக்கோழி வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். எனவே கோடையில் குஞ்சு இறக்குவது முட்டாள்தனம் அல்ல. பகலில் பல்பே வேண்டாம், இரவில் சிறியதொன்று போதும். ஆபத்து தகரக் கூரையின் கீழ் நடுப்பகல் இரண்டு மணிக்கு வருகிறது. அப்போது உள்ளே 40-ஐத் தாண்டும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்து ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்ற முடியும். அதற்குத் தண்ணீர் வேண்டும். மாடியிலிருக்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரோ அந்நேரம் கையைச் சுடும், குஞ்சுகள் அதைக் குடிக்காது. மண்பானைத் தண்ணீரை இரண்டு மணிக்கொரு முறை மாற்றி ஊற்றுவது விலையுயர்ந்த எந்த மருந்தையும்விட அதிக உயிர்களைக் காப்பாற்றும். கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது, மேலே தென்னங்கீற்று பரப்புவது, பக்கங்களில் ஈரச்சாக்கு தொங்கவிடுவது எல்லாம் பழகிய வழிகள்தான்.

ஈரச்சாக்கு விஷயத்தில் மட்டும் ஊர் பார்க்க வேண்டும். வறண்ட உள்மாவட்டக் காற்றில் சாக்கின் ஈரம் ஆவியாகி உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கடற்காற்று ஏற்கெனவே ஈரத்தால் கனத்திருக்கிறது. அங்கே சாக்கை நனைத்தால் வெப்பம் அதிகம் இறங்காது, புழுக்கம்தான் ஏறும். மூச்சிரைத்து ஈரத்தை வெளியேற்றப் பார்க்கும் பறவைக்கு அந்த ஒரே வழியும் அடைபடும். சேலத்தின் 37 டிகிரியைவிடச் சென்னையின் 34 டிகிரி கோழிக்குக் கடுமையாக இருப்பது இதனால்தான். கடலோரத்தில் வேண்டியது தண்ணீரல்ல, காற்றோட்டம். உயரமான கூரை, வலைச்சுவர், குஞ்சின்மேல் நேராக வீசாமல் அதன் தலைக்கு மேலாக ஓடும் மின்விசிறி. ஒரே மாநிலத்தில் இருநூறு கிலோமீட்டர் இடைவெளியில் வைத்தியம் நேர்மாறாக மாறிவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் குஞ்சுகளைக் கொண்டுபோவது வெயிலும் அல்ல, பனியும் அல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. வெப்பமானி 24 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும், குஞ்சுகள் செத்துக்கொண்டிருக்கும். சாரல் அடித்துப் பூமயிர் நனைந்த குஞ்சுக்கு 24 டிகிரி என்பது உயிரெடுக்கும் குளிர். கூளம் ஈரமானால் இரத்தக்கழிச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரியின் முட்டைகள் அதில் ஓரிரு நாளில் முதிர்ந்து தொற்றத் தயாராகிவிடும். அவற்றுக்கு வேண்டியது ஈரமும் மிதமான சூடும் காற்றும். மழைக்காலக் கொட்டகை மூன்றையும் கொடுக்கிறது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பூஞ்சை பிடித்த உமியோ கடலைத்தொலியோ இன்னொரு வம்பு. அதன் தூள் நுரையீரலில் இறங்கி, குஞ்சுகள் சத்தமில்லாமல் மூச்சுத்திணறிச் சாகும். கூளத்தை ஒரு பிடி அள்ளிக் கையில் அழுத்திப் பார்ப்பது நல்ல சோதனை. உருண்டையாகப் பிடித்தால் ஈரம் அதிகம். புழுதியாகப் பறந்தால் வறட்சி அதிகம். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரி. அன்றாடம் கிளறிவிடுவதும் தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்ததை மட்டும் அள்ளிப் போடுவதும் மழைக்கால வேலையில் பாதி.

அப்படியானால் வெப்பமானியே வேண்டாமா? வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம்ப வேண்டியது குஞ்சை. பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கும்பலாக நின்று கீச்சுக்குரலில் கத்தினால் குளிர்கிறது என்று பொருள். ஓரத்துக்கு ஓடி, சிறகைத் தொங்கவிட்டு, வாய் திறந்து கிடந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கம் எங்கேயோ சந்து வழியாகக் காற்று அடிக்கிறது. வட்டம் முழுக்கச் சிதறி, சில உண்டு, சில உறங்கி, மெல்லிய முணுமுணுப்பு மட்டும் கேட்டால் சரியாக இருக்கிறது. கோழி மிதித்துக் குஞ்சு சாவதில்லை என்பது பழமொழி. குஞ்சு மிதித்துக் குஞ்சு நிறையவே சாகும், அதுவும் அந்தக் கும்பலில்தான். தடுப்பை மூலையில்லாத வட்டமாக வைப்பதும் இதற்காகவே. இருநூற்றைம்பது குஞ்சுக்கு ஐந்தடி விட்டமும் ஒன்றரை அடி உயரமும் வழக்கமான அளவு. ஐம்பதுக்கு மூன்றடி தாராளம்.

தொழில்முறைப் பண்ணைகளில் இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு, இரண்டுக்கும் காசு வேண்டாம். குஞ்சின் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் தரையில் சூடு போதவில்லை. எகிப்தியர் முட்டைக்குச் செய்ததை இவர்கள் காலுக்குச் செய்கிறார்கள். மற்றது தீனிப்பை. குஞ்சு இறக்கிய அன்று இரவு கழுத்தடியைத் தொட்டுப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு அது நிரம்பி மெத்தென்றிருக்க வேண்டும். காலியாக இருந்தால் தீனி பிடிக்கவில்லை என்று பொருளல்ல. குளிரில் நடுங்குவது பல்பை விட்டு நகராது, வெக்கையில் தவிப்பது தீனித்தட்டை நாடாது. பசிக்குக் காரணமும் சூட்டில்தான் இருக்கிறது.

பல்பு என்று சொல்லும்போது ஒரு நவீனச் சிக்கல். குண்டு பல்பு கடைகளில் அருகிவிட்டது. கேட்டால் எல்.இ.டி.யைக் கொடுக்கிறார்கள். வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், சூடு இருக்காது. முதல்முறை வளர்ப்பவர் ஒளியைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடுவார். தமிழகக் கையேடுகள் சொல்லும் அளவு குஞ்சு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாட், கோடையில் கீழ்க்கணக்கு, குளிரில் மேற்கணக்கு. அது இழை எரியும் பழைய பல்புக்கான அளவு. ஐம்பது குஞ்சுக்கு நூறு வாட் ஒன்றைவிட நாற்பது வாட் இரண்டு மேல்; நள்ளிரவில் ஒன்று பியூஸ் போனாலும் மற்றது இருக்கும். மின்சாரமே போனால் கரியடுப்பு. மண்சட்டியிலோ தகர டின்னிலோ கனலை வைத்து மேலே வலை மூடுவது மலையோரங்களில் வழக்கம். புகையை விடவும் மோசமானது மணமில்லாத கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் அது குஞ்சையும் கொல்லும், காவலுக்குப் படுத்தவரையும் கொல்லும்.

தண்ணீரும் தீனியும் இதைவிட எளிது. வந்திறங்கியதும் முதலில் தண்ணீர், வெல்லமோ குளுக்கோஸோ சிறிது கலந்து. சில குஞ்சுகளின் அலகைத் தொட்டுக் காட்டினால் மற்றவை பார்த்துப் படித்துக்கொள்ளும். தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் மூழ்காது. சில மணிநேரம் கழித்துக் குஞ்சுத் தீவனம். அதில் புரதம் நூற்றுக்கு இருபதை ஒட்டி இருக்க வேண்டும். அரிசிக் குருணையும் கம்பு நொய்யும் முதல் நாளுக்குச் சரி, அதிலேயே ஒரு மாதம் ஓட்டினால் இறகு முளைக்கத் தாமதமாகும். இறகு தாமதித்தால் சூடு கொடுக்கும் நாளும் நீளும். வழவழப்பான செய்தித்தாளை நாள்கணக்கில் விரித்து வைக்கக் கூடாது; கால் வழுக்கி அகன்றுபோய் நிரந்தரமாக முடமாகும். குஞ்சைத் தொட்ட குழந்தைகள் கை கழுவாமல் சாப்பிடவும் கூடாது. சால்மோனெல்லா கிருமி குஞ்சின் உடம்பில் நோய்க்குறி இல்லாமலே இருக்கும்.

சூட்டைக் கடந்து வந்த குஞ்சைக் காத்திருப்பது வெள்ளைக்கழிச்சல். ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் 1926-ல் இந்த நோய் பதிவானது. ஓரிரு ஆண்டுகளுக்குள் இமயமலையிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டு, இந்தியாவில் அந்த ஊரின் பெயரையே பெற்றுவிட்டது. ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, பிறகு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி என்று தடுப்பு முறை இருக்கிறது. தட்பவெப்பம் இங்கேயும் குறுக்கிடுகிறது. உயிருள்ள தடுப்பு மருந்து வெயிலில் செத்துவிடும். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, கரைத்தபின் ஓரிரு மணிநேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கோடையில் விடியற்காலையே ஏற்ற நேரம். பத்துக் குஞ்சு வைத்திருப்பவருக்கு இன்னொரு இடைஞ்சல், குப்பிகள் நூறு குஞ்சு, இருநூறு குஞ்சுக் கணக்கில்தான் வரும். தெருவில் நாலு வீட்டைச் சேர்த்துக்கொள்வது, அல்லது கால்நடை மருந்தகத்துக்கே கொண்டுபோவதுதான் வழி. கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது, கோடையில் நோய் தலைதூக்குவதற்கு முன் முந்திக்கொள்ளத்தான்.

எந்த இனம் என்ற கேள்வி வழக்கமாக முதலில் கேட்கப்படுகிறது. முதல் மாதத்துக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. அசில் குஞ்சும் பிராய்லர் குஞ்சும் முதல் வாரம் கேட்பது ஒரே சூட்டைத்தான். பின்னால்தான் பிரிகிறது. கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்துக் கோழி வெக்கையில் நிம்மதியாக வளரும், ஊட்டியில் அதே கழுத்து அதற்குப் பாதகம். கறிக்காக வேகமாக வளர்க்கப்படும் பிராய்லர் தன் உடல் சூட்டாலேயே கோடையில் மாரடைத்துச் சாகும். சிறுவிடையும் பெருவிடையும் மெதுவாக வளர்வதால் இரண்டையும் சமாளிக்கும். நந்தனம் கோழி, புழக்கடைக்கு ஏற்ற வனராஜா என்று ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய இனங்களும் இருக்கின்றன; அவற்றின் தீனித் தேவை நாட்டுக்கோழியைவிட அதிகம்.

முதல்முறை தொடங்குபவர் ஒருநாள் குஞ்சைத்தான் வாங்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் கிராமப்புறப் பெண்களுக்கு மானிய விலையில் கொடுக்கும் நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் நான்கு வார வயதானவை. ஆபத்தான நாட்களை ஒரு பண்ணை ஏற்றுக்கொண்டு, மீதியை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அது. கடையில் வாங்கினால் நான்கு வாரக் குஞ்சின் விலை ஒருநாள் குஞ்சைவிட அதிகம். மின்சாரம், தீவனம், இடையில் சாகும் குஞ்சுகள், உறங்காத இரவுகள் எல்லாம் அந்த விலையில் அடக்கம். மார்கழியில் ஊட்டியில் தொடங்க நினைப்பவருக்கு அது மலிவுதான். தை பிறந்தபின் மதுரையிலோ திருச்சியிலோ தொடங்குபவர் ஒருநாள் குஞ்சோடே துணியலாம். பகல் வெயில் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டும். நாமக்கல் வெயிலில் நான்கு வாரம் வளர்ந்த குஞ்சு கூடலூரில் இறங்கும் முதல் இரவில், இறகு முளைத்திருந்தாலும் அந்தக் குளிர் அதற்குப் புதிது. முதல் ஒரு வாரம் கூட்டின் ஒரு மூலையில் பல்பு எரிந்தால் போதும். வேண்டும் என்பவை அருகே போகும், வேண்டாதவை விலகிப் படுக்கும்.